கிளப் தண்ணீரில் சால்மனும் கடல் ட்ரவுட்டும்: இந்தக் காலத்தில் சேர்வதில் பொருள் உண்டா?

லாண்டைலோ_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி, பர்மிங்காமிலிருந்து வேல்ஸில் கார்மார்தன்ஷயருக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் டவி ஆறு. இதுவரை நான் குளங்களில் கார்ப் மீனுக்குத்தான் தூண்டில் போட்டிருக்கிறேன். ஓடுகிற ஆற்றில் பழக்கம் இல்லை. ஃப்ளை ராட், அதாவது இறகு, நூலால் கட்டிய போலிப் பூச்சியை (ஃப்ளை) வீசும் தூண்டில்கோல், கையில் பிடித்ததே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஊர்த் தூண்டில் கிளப்பில் உறுப்பினர். என்னையும் சேரச் சொல்கிறார். டவி கடல் ட்ரவுட்டுக்குப் பேர்போன ஆறு என்கிறார். இங்குள்ளவர்கள் அந்த மீனை சூயின் என்கிறார்கள். ஆனால் சால்மன் பிடித்தால் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துவர முடியாது, சட்டம் அப்படி என்றும் அவரே சொல்கிறார். மீனும் வருடத்துக்கு வருடம் குறைகிறதாம். அப்படியானால் வருடச் சந்தா கட்டி, புதுச் சாமான் வாங்கி, ராத்திரியில் கண் விழித்து நிற்பதில் என்ன இருக்கிறது? குறைசொல்லக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்த ஆறுகளில் நாள்பட்டவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

ஆற்றங்கரை_மணி

சேருங்கள் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் நீளமானவை, பொறுமையாகப் படியுங்கள்.

கிளப் தண்ணீர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடல் ஏற்றம் எட்டாத பகுதியில் மீன் பிடிக்கும் உரிமை கரை நிலத்தோடு வருவது. இரு கரையும் இரண்டு பேருடையது என்றால் ஆளுக்கு நடு ஆறு வரை. அந்த உரிமையை நிலத்திலிருந்து தனியே பிரித்து விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். ஊர்க் கிளப்புகள் தலைமுறைகளாகச் சந்தாப் பணத்தைச் சேர்த்துச் சில துண்டுகளை வாங்கியிருக்கின்றன, சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. பெரிய எஸ்டேட் தண்ணீரில் சில நாள் நிற்பதற்கு ஆகும் செலவில் இங்கே ஒரு பருவம் முழுக்க நிற்கலாம். தச்சரும் பஸ் ஓட்டுநரும் ஆசிரியரும் சால்மன் ஆற்றில் கால் நனைக்க முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். கிளப் கலைந்தால் அந்தக் குத்தகையை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். அது மறுபடி ஊருக்குத் திரும்பாது.

இனி மீன். டவியில் முதன்மையானது கடல் ட்ரவுட். சால்மன் இரண்டாவதுதான். பெரிய கடல் ட்ரவுட்டுகள் ஏப்ரல், மே, ஜூனில் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். ஜூலையிலிருந்து சிறியவை கூட்டமாக வரும். சால்மன் கோடை கடைசியிலும் இலையுதிர் கால வெள்ளங்களிலும். அக்டோபர் நடுவில் பருவம் முடிந்துவிடும்.

கடல் ட்ரவுட் ஆற்றுக்குள் வந்துவிட்டால் மிகவும் மிரளும். பகலில், தண்ணீர் தெளிந்து குறைந்திருக்கும்போது, மரநிழலடியில் அசையாமல் கிடக்கும். எதைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. இருட்டினால்தான் மடுவைவிட்டு நகரும். அதனால்தான் ராத்திரி. முதல் தடவை போகும் மடுவைப் பகலிலே நடந்து பாருங்கள். எங்கே கல், எங்கே திடீர்ச் சரிவு, பின்பக்கம் எந்தக் கிளை தாழ்ந்திருக்கிறது, எல்லாம் மனசில் இருக்க வேண்டும். மாலையில் போய்க் கரையிலே உட்காருங்கள். எதிர்க்கரை மரத்தில் இலை தனித்தனியாகத் தெரியாத அளவு இருட்டும்வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள். மீன் துள்ளுகிற சத்தம் கேட்டதும் கை பரபரக்கும். அப்போதும் உட்கார்ந்திருங்கள். அவசரப்பட்டு இறங்குகிறவர் அந்த மடுவை அன்றைக்கு எல்லோருக்கும் கெடுத்துவிடுகிறார்.

முதல் இரண்டு மணி நேரம் மீன் மடுவின் வால் பக்கம், ஆழம் குறைந்த இடத்தில் உலாவும். மிதக்கும் லைனே போதும். நள்ளிரவுக்குப் பிறகு எல்லாம் அடங்கிப்போகும். பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு லைனை மாற்றுங்கள். மூழ்கும் லைன், நீளமான ஃப்ளை, ஆழத்தில் மெதுவாக. பெரிய மீன் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். தரையோடு பனிமூட்டம் தண்ணீர்மேல் படர்ந்துவிட்டால் நான் கிளம்பிவிடுவேன். முழு நிலா நேராக மடுவில் விழுந்தாலும் அப்படித்தான்.

சாமானுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 10 அடி ஒற்றைக்கை ராட், 7 அல்லது 8 எடை லைன் (எண் கூடினால் லைன் கனம்), அதற்கேற்ற ரீல். ஃப்ளையில் டீல் ப்ளூ அண்ட் சில்வர் என்று பழைய கட்டு ஒன்று உண்டு. கறுப்பும் வெள்ளியுமாக ஒன்று, மேல்மட்டத்தில் கோடு கிழித்துப்போக ஒரு மிதப்பி, இவை போதும். டார்ச்சைத் தண்ணீரில் ஒருபோதும் அடிக்காதீர்கள். ஃப்ளை கட்ட வேண்டுமானால் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கட்டுங்கள்.

நிலவன்_ப்ரெஸ்டன்

மணி அண்ணன் சொன்னதோடு ஒன்று. இடுப்பளவு தண்ணீரில் இருட்டில் நிற்கப்போகிறீர்கள். வேடர் (தண்ணீர் புகாத நீளக் காலுடை) மேல் பெல்ட் கட்டாமல் இறங்க வேண்டாம். ஊன்றுகோலும் காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டும் ராடுக்கு முன்னால் வாங்க வேண்டியவை. எந்த மடுவில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் இருக்காது.

லாண்டைலோ_புதுசு

மிக்க நன்றி மணி அண்ணா, நிலவன். சட்டப் பக்கம் யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா? என்னிடம் ராட் லைசென்ஸ் இருக்கிறது, கார்ப்புக்கு எடுத்தது. கிளப் பெர்மிட் இருந்தால் அதுவே போதுமா?

விதிக்கையேடு

போதாது. இரண்டும் வேறு வேறு. லைசென்ஸ் அரசுக்கு, பெர்மிட் தண்ணீரின் உரிமைக்காரருக்கு. சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் தனி லைசென்ஸ் உண்டு, விலையும் கூடுதல். அதை எடுத்தால் சாதா ட்ரவுட்டும் கார்ப்பும் அதிலேயே அடங்கும். வீட்டில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு லைசென்ஸே தேவையில்லை. 13 முதல் 16 வரை இலவசம், ஆனால் எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வேல்ஸில் 2020 ஜனவரி 1 முதல் பத்து வருடத்துக்குப் புதிய துணைவிதிகள். எல்லா ஆற்றிலும், பருவம் முழுக்க, பிடித்த சால்மனை உடனே திருப்பி விட வேண்டும். கொக்கியில் எதிர்முள் இருக்கக்கூடாது, இருந்தால் இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். சால்மனுக்கு மண்புழு கூடாது. கடல் ட்ரவுட்டை மே 1க்கு முன் வைத்துக்கொள்ளக்கூடாது. அதற்குப் பிறகும் டவி, டெய்வி போன்ற ஆறுகளில் 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் திருப்பி விட வேண்டும். இதற்கு மேல் கிளப்புகள் இன்னும் இறுக்கமாகச் சொந்த விதி வைத்திருக்கும். பெர்மிட்டோடு வரும் சிறு புத்தகத்தை வரி விடாமல் படியுங்கள்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. அங்கே ஜூன் 16க்கு முன் பிடிபடும் சால்மனைத் திருப்பி விட வேண்டும் என்பது 1999 முதல் நடைமுறை. அதற்குப் பிறகு என்ன என்பது ஆற்றுக்கு ஆறு மாறும்.

ராடில் பிடித்த சால்மனையோ கடல் ட்ரவுட்டையோ விற்பது 2009 முதல் குற்றம். பலர் மறப்பது இன்னொன்று: வருடக் கடைசியில் எத்தனை பிடித்தீர்கள் என்று கணக்கு அனுப்ப வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பூஜ்யம் என்று அனுப்பியே ஆக வேண்டும்.

வடக்கு_ஸ்பே

ஸ்காட்லாந்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லை ஓரத்து எஸ்க் ஆற்றுப் பகுதி தவிர வேறெங்கும் ராட் லைசென்ஸ் கிடையாது. ஆனால் சால்மன் உரிமை நிலத்தோடு சேர்ந்ததல்ல, தனிச் சொத்து. ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் தூண்டில் போடக்கூடாது. 2016 முதல் ஆறுகளுக்கு வருடாவருடம் தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் சால்மன் முழுக்கத் திருப்பி விட வேண்டியதுதான்.

ஊர்ச் சங்கத் தண்ணீர் இங்கேயும் உண்டு. ஸ்பே ஆற்றில் கிராண்டவுன் ஊர்ச் சங்கத்திடம் மைல்கணக்கில் நல்ல மடுக்கள் இருக்கின்றன. ஊரில் தங்குகிற வெளியூர்க்காரருக்கும் சீட்டுக் கொடுக்கிறார்கள். உலகம் முழுக்கப் பணக்காரர்கள் தேடி வருகிற ஆற்றில், அதே மீனுக்கு, எங்களைப் போன்றவர்களும் நிற்க முடிகிறது.

புதியவருக்கு ஒரு பழக்கம் மட்டும் சொல்கிறேன். மடுவில் ஏற்கெனவே ஒருவர் நின்றால் அவருக்குக் கீழ்ப்பக்கம் போய் இறங்காதீர்கள். மேலே, அவருக்குப் பின்னால் இறங்க வேண்டும். ஒரு வீச்சு, ஓர் எட்டு. மறுபடி வீச்சு, மறுபடி எட்டு. அப்படியே மடுவின் வால் வரை. முடிந்ததும் வெளியே ஏறி, நடந்து வந்து, வரிசைக் கடைசியில் நிற்க வேண்டும். இதை மதிக்கிறவருக்குக் கிளப்பில் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள்.

சால்மனுக்கு வெள்ளம்தான் கடிகாரம். ஆறு ஏறும்போது போய்ப் பயனில்லை. மழை நின்று, மட்டம் இறங்கி, கலங்கல் தெளிந்து தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்துக்கு வருகிற அந்தச் சில மணி நேரம்தான் உயிர். சிறிய ஆறுகளில் அது அரை நாள்கூட நீடிக்காது. வாடகைக்கு எடுத்த தண்ணீரில் உங்கள் தேதியும் வெள்ளமும் பொருந்த வேண்டும். கிளப்காரர் மட்டமானியைப் பார்த்துவிட்டு வேலை முடிந்து நேராகப் போய்விடலாம். உள்ளூர்க்காரருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான்.

கயல்_கார்டிஃப்

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் நீர்வாழ் சூழலியல் படிக்கிறேன், தூண்டில் போடுவதில்லை. 2023 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அழியும் ஆபத்தில் உள்ளது என்று அறிவிக்கப்பட்டது. அதே 2023இல் ஸ்காட்லாந்து முழுவதிலும் ராடில் பிடிபட்ட சால்மன் 32,477. 1952இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் ஆகக் குறைவு.

ஆபத்தில் இருக்கும் ஓர் உயிரைக் கொக்கியில் மாட்டி, களைக்கும்வரை இழுத்து, படம் எடுத்து, விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்? விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. தண்ணீர் சூடேறினால் சாவு கூடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சில வருடம் எல்லோரும் ராடைக் கட்டி வைத்தால் என்ன? மனம் நோகச் சொல்லவில்லை, மணி ஐயா. ஆற்றின் மேல் உங்களுக்குள்ள பிரியம் எழுத்தில் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

ஆற்றங்கரை_மணி

கயல், கேட்க வேண்டிய கேள்விதான். நானும் முழு மனதோடு பதில் சொல்கிறேன்.

2016 டிசம்பரில் டெய்வியின் மேற்பகுதியில், ட்ரெகாரன் ஊருக்கு அருகே, சாணக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையிலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. முட்டையிட ஏறியிருந்த பெரிய மீன்களும் குஞ்சுகளும் சேர்ந்து போயின. ஒரு கோடைகாலம் முழுக்க ராடுகள் செய்யும் சேதம் அந்தச் சில நாளின் சேதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படிப்பட்ட நேரத்தில் செத்த மீன்களைத் தேடிக் கரை கரையாக நடக்கிறவர்கள் யார்? உள்ளூர்த் தூண்டில்காரர்கள்தான்.

இது பெரிய நிகழ்வு, செய்தியில் வந்தது. செய்தியில் வராதவை எத்தனையோ. பால் பண்ணைக் கழிவு மழை நாளில் ஓடைக்குள் வடியும். மழைநீரோடு கழிவுநீர்க் குழாய் திறந்துகொள்ளும். வரப்பு வேலி சரிந்து மாடுகள் முட்டைப் படுகையை மிதிக்கும். கண்காணிக்க வேண்டிய அலுவலகங்களில் ஆள் குறைவு. எங்கள் ஓடை ஒன்றில் தண்ணீர் நிறம் மாறியபோது ஒரு நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசித்தான் ஆளை வரவழைத்தோம். மாதம் ஒரு தடவை எங்கள் கிளப்பில் சிலர் வலையோடு போய், மூன்று நிமிடம் ஆற்றடியைக் காலால் கிளறி, கிடைக்கும் பூச்சிப் புழுக்களை எட்டு வகையாகப் பிரித்து எண்ணி அனுப்புகிறோம். ஒரு வகை திடீரென்று காணாமல் போனால் மேலே எங்கோ ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். இதற்குச் சம்பளம் இல்லை. செய்கிற எல்லோரும் ராத்திரியில் அதே மடுவில் நிற்கிறவர்கள்.

ராடைக் கட்டி வையுங்கள் என்றால் முதல் வருடம் கட்டுவோம். இரண்டாம் வருடம் சந்தா பாதி ஆகும். மூன்றாம் வருடம் குத்தகை கட்டப் பணம் இருக்காது. பிறகு அந்தக் கரையில் யாரும் இருட்டில் நடக்கமாட்டார்கள், வலைத் திருடனைத் தவிர. இது என் கற்பனை அல்ல. சால்மனைத் திருப்பி விடும் விதி வந்தபிறகு எத்தனை பழைய உறுப்பினர்கள் புதுப்பிக்கவில்லை என்று எந்தச் செயலாளரைக் கேட்டாலும் சொல்வார்.

நீங்கள் சொன்ன 32,477ஐயும் பாருங்கள். அது எங்கிருந்து வந்த எண்? ராடுகளிலிருந்து. மீன் எண்ணும் கருவி இருக்கும் ஆறுகள் சிலவே. மற்ற ஆறுகளில் மீன் குறைகிறதா இல்லையா என்பதே நாங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்கை வைத்துத்தான்.

கயல்_கார்டிஃப்

பூச்சி எண்ணும் வேலையை மதிக்கிறேன், அது பெரிய சேவை. ஆனால் அதைச் செய்ய ராட் எதற்கு? பறவை பார்க்கிறவர்கள் பறவையைப் பிடிக்காமலே எண்ணுகிறார்கள். சரி, நடைமுறையில் நீங்கள் சொல்வதே நடக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் வெப்பத்துக்காவது கிளப்புகள் கறாராக எல்லை வைக்கின்றனவா? கோடையில் தண்ணீர் சூடான நாட்களிலும் கரையில் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆற்றங்கரை_மணி

அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 20 டிகிரியைத் தாண்டினால் யாரும் இறங்கக்கூடாது. என் சொந்தக் கணக்கு 18. எல்லாக் கிளப்பும் எழுதி வைக்கவில்லை, எழுதிய கிளப்பிலும் எல்லோரும் தெர்மாமீட்டர் எடுத்துப்போவதில்லை. வரும் பொதுக்கூட்டத்தில் இதை விதியாகவே கொண்டுவரச் சொல்லி எழுதிக்கொடுக்கப் போகிறேன்.

விடுகிற முறையும் சொல்கிறேன், புதியவருக்கும் ஆகும். கனமான தங்கூசி (ஃப்ளை கட்டும் நைலான் நூல்) கட்டுங்கள். மெல்லியதில் நெடுநேரம் விளையாடி மீனைச் சாகடிக்காதீர்கள். முடிச்சில்லாத வலை வேண்டும். மீன் வலைக்குள், வலை தண்ணீருக்குள். கொக்கியை அங்கேயே கழற்றுங்கள். உலர்ந்த கையால் தொடாதீர்கள், செதிலுக்கு மேலுள்ள வழவழப்புப் போய்விட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துத் தாங்கிப் பிடியுங்கள். அதுவாகவே வாலை அடித்துப் போகும்வரை கையை எடுக்காதீர்கள். எத்தனை நேரமானாலும் சரி.

யாழ்_டெய்வி

நான் டெய்விக் கரையில், நியூகாசில் எம்லின் பக்கம். மணி அண்ணை சொன்னதில் பெரும்பாலானவை எனக்கும் உடன்பாடு. ஆனால் எங்கடை கிளப்பில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது: கடல் ட்ரவுட்டையும் முழுக்கத் திருப்பி விடுவோம், ஒன்றுகூட எடுக்கக்கூடாது என்று. அதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ நடுத்தர மீன் வீட்டுச் சட்டிக்குப் போவது இந்த ஊரின் வாழ்க்கை. தாத்தா பிடித்துக் கொண்டுவந்ததைச் சாப்பிட்ட பிள்ளைதான் பிறகு ராடோடு ஆற்றுக்கு வருகிறது. முழுக்கத் தடுத்தால் இளம் பிள்ளைகள் வரமாட்டார்கள். 60 சென்டிமீட்டர் எல்லை இருக்கிறது, பெரிய தாய் மீன்கள் காப்பாற்றப்படுகின்றன. அதற்கு மேல் என்ன வேண்டும்?

கெனார்த் அருவிப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூடைபோல் பின்னிய சிறு ஓடங்கள், கோரக்கிள் என்பார்கள், அவற்றுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. டெய்வியிலும் டவியிலும் இரண்டு ஓடங்கள் அருகருகே நீரோடு இறங்கும், நடுவில் ஒரு வலை, இருட்டில். ஓடத்துக்கு ஒரு ஆள். ஒரு கையில் துடுப்பு, மறு கையில் வலைக் கயிறு. கரைக்கு வந்ததும் ஓடத்தை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே நடப்பார்கள். நூற்றாண்டுகளாக நடப்பது. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய உரிமங்களே மீதி. அவர்களுக்கும் சால்மன் தடை. ராட்காரர் சிலர் மீன் குறைந்ததற்கு இவர்களைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் இருந்த காலம் முழுக்க மீனும் இருந்தது.

நிலவன்_ப்ரெஸ்டன்

கோரக்கிள்காரரைக் குறை சொல்வது தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் சட்டி விஷயத்தில் இல்லை. 2015 டிசம்பர் நினைவிருக்கிறதா? குளிர்காலம் என்றே தோன்றாத அளவு வெப்பம், மேலே வெள்ளம் மேல் வெள்ளம். அடுத்த வருடம் வேல்ஸ் ஆறுகளில் மின்கருவியால் குஞ்சு எண்ணிப் பார்த்தபோது பல இடங்களில் சால்மன் குஞ்சே இல்லை, ட்ரவுட்டும் குறைவு. அப்படியொரு குளிர்காலம் மறுபடி வந்தால் ஈடுகட்ட ஆற்றில் முட்டையிடும் மீன் மிச்சம் இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் பெண் மீன் ஏற்கெனவே முட்டையிடுகிற வயதுதான். கடையில் மீன் கிடைக்கிற ஊரில் அதை எடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு?

யாழ்_டெய்வி

கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. உரிமை இருந்தும் எடுக்காமல் விடுகிறவன் பழகுகிற விதம் வேறு, தடுத்ததால் விடுகிறவன் பழகுகிற விதம் வேறு. நான் போன பருவத்தில் ஒன்றும் எடுக்கவில்லை. அது நானாகச் செய்தது. கூட்டத்தில் வாக்கெடுப்பு வந்தால் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். தோற்றால் விதியை மதித்து நடப்பேன்.

அவலாஞ்சி_ரமேஷ்

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் ஊட்டிக்காரன். எங்கள் அவலாஞ்சியில் பொரிப்பகம் இருக்கிறது, வானவில் ட்ரவுட் பார்த்திருக்கிறேன். அது ஓடையைவிட்டு எங்கேயும் போவதில்லை. கடல் ட்ரவுட் என்பது தனி இனமா? சால்மனுக்குத் தம்பியா?

கயல்_கார்டிஃப்

தனி இனம் இல்லை. பிரிட்டன் ஓடைகளில் இருக்கும் பழுப்பு ட்ரவுட்டும் கடல் ட்ரவுட்டும் ஒரே இனம், ஒரே தாயின் குஞ்சுகளாகவும் இருக்கலாம். சில ஆற்றிலேயே தங்கும், சில வெள்ளியாக நிறம் மாறிக் கடலுக்கு இறங்கும். இறங்குபவற்றில் பெண் அதிகம். காரணம் தீனி. கடலில் மேய்ந்தால் உடல் பெருக்கும், முட்டை பெருகும். ஆண் சிறிய உடலோடு ஓடையிலேயே இருந்து இனம் பெருக்கிவிட முடியும்.

சால்மன் வேறு இனம். அது வேல்ஸிலிருந்து ஃபாரோ தீவுகள், கிரீன்லாந்துப் பக்கம்வரை போகும். கடல் ட்ரவுட் பெரும்பாலும் கரையோரக் கடலிலேயே மேயும். சால்மனில் முட்டையிட்டபின் பெரும்பாலானவை செத்துவிடும், கொஞ்சம்தான் பிழைத்து மறுபடி வரும். கடல் ட்ரவுட் பல வருடம் திரும்பத் திரும்ப ஏறும். இந்த இழையில் பேசிய 60 சென்டிமீட்டர் எல்லைக்குப் பொருள் அங்கேதான் இருக்கிறது. பெரிய மீன் என்றால் பல தடவை தப்பிப் பிழைத்துவந்த தாய்.

அதனால் ஒரு பருவத்துக்கு ஒன்று என்ற யாழ் அண்ணாவின் வாதத்தை சால்மனைவிடக் கடல் ட்ரவுட்டில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடிகிறது. என் முதல் பதிவில் இரண்டையும் பிரித்துப் பேசியிருந்தால் விவாதம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

ஆற்றங்கரை_மணி

ரமேஷ், உங்கள் கேள்வி நல்ல நேரத்தில் வந்தது. கயலின் பதிலோடு டவியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆற்றின் தலைப்பக்கத்துக் கதை பலருக்குத் தெரியாது. 1972இல் மேலே லின் பிரயான் அணை கட்டினார்கள். 91 மீட்டர் உயரம், பிரிட்டனிலேயே உயரமானது. அதற்கு மேலே இருந்த முட்டைப் படுகைகள் மீனுக்கு இல்லாமல் போயின. சுற்றிலும் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். புகைக்காற்றின் அமிலத்தை அந்த மரங்கள் வாங்கி ஓடைக்கு இறக்கின. 1980களில் அந்தத் தலைப்பக்க ஓடைகளில் ட்ரவுட்டே இல்லாத இடங்கள் இருந்தன. அங்கே பெரிய ஆய்வு நடந்தது. சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார்கள், மரத்தைக் கரையிலிருந்து தள்ளி நட்டுப் பார்த்தார்கள். ஆலைப் புகை குறைந்தபின் மெதுவாகத் தேறி வருகிறது.

ராட், வலை, கோரக்கிள் என்று நாம் அடித்துக்கொள்கிறோம். மீனைக் குறைத்த பெரிய காரணங்கள் கடலிலும் நிலத்திலும் இருக்கின்றன. கடலில் என்ன நடக்கிறது என்பதில் நம் கைக்கு எட்டுவது குறைவு. நிலத்தில் எட்டும். குளிர்காலத்தில் எங்கள் கிளப் ஓடைகளில் வேலி போடுகிறது, அடைத்துக் கிடக்கும் மதகுகளைத் திறக்கிறது, கரையில் மரம் நடுகிறது. நிழல் விழுந்தால் தண்ணீர் சூடு குறையும். தம்பி, சந்தா எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். மீன் கிடைத்தால் அது அந்த ராத்திரியின் சந்தோஷம். கிடைக்காத வருடத்திலும் நான் சந்தா கட்டுவேன்.

லாண்டைலோ_புதுசு

எல்லோருடைய பதிலையும் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். கயல் சொன்னதில் அவள் நின்றுவிட்டாள். மீனுக்கு வலிக்குமே என்கிறாள். எனக்கும் அது மனதை உறுத்தத்தான் செய்கிறது, பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். செயலாளர் நேரில் வரச் சொன்னார். என்ன ராட் என்று அவர் கேட்கவில்லை. வேலி போடும் நாளுக்கு வர முடியுமா என்றுதான் கேட்டார். வருகிறேன் என்றேன். பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சால்மன் இப்போதைக்கு வேண்டாம், கடல் ட்ரவுட் மட்டும், அதையும் திருப்பி விடுவதாக வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். யாழ் அண்ணா கோபிக்க வேண்டாம்.

மணி அண்ணா, கடைசியாக ஒன்று. 7 எடையா 8 எடையா? கடைக்காரர் இரண்டையும் காட்டுகிறார்.

யாழ்_டெய்வி

கோபம் ஒன்றுமில்லை தம்பி. வீட்டில் கதைத்து நீங்களாக எடுத்த முடிவு. நான் கேட்டதும் அதைத்தான். டெய்விக்கு ஒருநாள் வாங்கோ, பையனுக்குக் கோரக்கிள் காட்டுகிறேன்.

கயல்_கார்டிஃப்

பூச்சி எண்ணும் நாளுக்கு வெளியார் வரலாம் என்றால் சொல்லுங்கள் மணி ஐயா. நுண்ணோக்கி நான் கொண்டுவருகிறேன்.

ஆற்றங்கரை_மணி

தாராளமாக வாருங்கள் கயல், தேதி தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

தம்பி, 7 எடை எடுங்கள். புதிதாக வீசுகிறவருக்குக் கை வலிக்காது. காற்று அடிக்கிற ராத்திரியில் 8 வேண்டும் என்று தோன்றினால் என்னுடையதை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதே ஆற்றுக்குப் போக வேண்டாம். முதலில் புல்வெளியில், கொக்கி இல்லாமல் சிறு கம்பளித் துண்டு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு வீசிப் பழகுங்கள். லைன் பின்னால் நேராவது கையில் தெரிய வேண்டும், கண்ணால் அல்ல. தெர்மாமீட்டர் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.